ஃபேப்ரிக் மோடை மூலநிரலிலிருந்து தொகுத்து நிறுவும் முறை

மைன்கிராஃப்ட் ஜாவா எடிஷன் விளையாட்டில் மாற்றங்களைச் சேர்க்கும் துணைநிரல்களே மோட்கள்; அவற்றை ஆட்டத்தில் ஏற்றும் கருவிகளுள் ஒன்று ஃபேப்ரிக். ஃபேப்ரிக் மோட்கள் பலவற்றின் மூலநிரல், நிரல்களைப் பகிரும் தளமான கிட்ஹப்பில் திறந்தநிலையில் கிடைக்கிறது. வெளியீட்டில் இன்னும் சேராத ஒரு பிழைத்திருத்தம் உடனே தேவைப்பட்டால் மோடை நாமே தொகுத்துக்கொள்ளலாம், அதாவது மூலநிரலை இயங்கும் கோப்பாக மாற்றிக்கொள்ளலாம். இதற்கு ஆழ்ந்த நிரலாக்க அறிவு வேண்டியதில்லை. பதிப்பு எண்களைப் பொருத்திப் பார்க்கும் பொறுமை கட்டாயம் வேண்டும்.

முதலில் ஜாவாவைக் கவனிக்க வேண்டும். மைன்கிராஃப்ட் 1.18 முதல் 1.20.4 வரை ஜாவா 17-உம், 1.20.5 முதல் 1.21 வரிசை முழுவதும் ஜாவா 21-உம் தேவை. தொகுக்கும் நிரலான தொகுப்பி, ஜாவாவின் உருவாக்கத் தொகுப்பான ஜேடிகேயில்தான் இருக்கிறது என்பதால், ஜாவா நிரல்களை இயக்க மட்டும் உதவும் ஜேஆர்இ போதாது. மோடின் மூலநிரலோடு வரும் விளக்கக் கோப்பான ரீட்மீயில் வேறு எண் சொல்லப்பட்டிருந்தால் அதையே பின்பற்றுங்கள்.

மூலநிரலை ஜிப் கோப்பாக இறக்குவதைவிட நிரலின் மாற்றங்களைப் பதிவுசெய்யும் கருவியான கிட்டின் ‘கிட் குளோன்’ கட்டளையால் எடுப்பதே நல்லது. சில திட்டங்கள் பதிப்பு எண்ணைக் கிட் வரலாற்றிலிருந்தே எடுப்பதால், ஜிப்பிலிருந்து தொகுக்கும்போது இடையில் நின்றுவிடும். பிறகு உங்கள் மைன்கிராஃப்ட் பதிப்புக்கான மூலநிரல் உள்ள கிளைக்கு ‘கிட் செக்அவுட்’ கொண்டு மாறி, தொகுப்பு வேலையை நடத்தும் கருவியான கிரேடிலின் ‘கிரேடில்.ப்ராப்பர்ட்டீஸ்’ கோப்பைத் திறந்து, மைன்கிராஃப்ட் பதிப்பைக் குறிக்கும் வரியைப் படியுங்கள். அங்கே 1.21.1 என்றிருக்க, நீங்கள் 1.20.1 ஆடுபவரானால் மேலே செல்வதில் பயனில்லை. தொகுக்கும்போது அத்திட்டத்தின் பில்ட் ஸ்கிரிப்ட் (தொகுக்கும் படிகளைச் சொல்லும் நிரல்) உங்கள் கணினியிலேயே ஓடுகிறது என்பதால், முன்பின் தெரியாதவர்களின் மூலநிரல் களஞ்சியங்களைத் தவிர்ப்பதே என் உறுதியான பரிந்துரை.

அடுத்து, கோப்புறைக்குள் டெர்மினலைத் திறந்து ‘கிரேடில்டபிள்யூ பில்ட்’ (gradlew build) கட்டளையை இடுங்கள். லினக்ஸிலும் மேக்கிலும் அதன் முன்னால் புள்ளியும் சாய்கோடும் சேர்க்க வேண்டும். கிரேடிலைத் தனியாக நிறுவத் தேவையில்லை, ஏனெனில் திட்டத்துக்குரிய பதிப்பை அந்தக் கட்டளையே இறக்கிக்கொள்ளும். முதல் முறை மைன்கிராஃப்டின் கோப்புகளும் இறங்குவதால் நேரம் பிடிக்கும், நடுவில் நிறுத்திவிடாதீர்கள். பிழைச் செய்தியில் கிளாஸ் கோப்பின் (தொகுக்கப்பட்ட ஜாவா நிரலின்) பதிப்பாக 65 என்று வந்தால் அது ஜாவா 21-ஐயும், 61 என்று வந்தால் ஜாவா 17-ஐயும் குறிக்கும். அப்போது நிரலில் கை வைக்காமல், ஜாவா இருக்கும் இடத்தைக் கணினிக்குச் சொல்லும் ‘ஜாவா ஹோம்’ (JAVA_HOME) மாறி எந்த ஜேடிகேயைச் சுட்டுகிறது என்று பாருங்கள்.

‘பில்ட் சக்சஸ்ஃபுல்’ என்று வந்ததும் பில்ட் கோப்புறைக்குள் இருக்கும் லிப்ஸ் கோப்புறையில் பெரும்பாலும் இரண்டு ஜார் கோப்புகள் இருக்கும். பெயரின் இறுதியில் ‘சோர்சஸ்’ என்றுள்ளதில் இயங்கும் நிரல் இல்லை. அதை விட்டுவிட்டு மற்றதை எடுங்கள். ஃபேப்ரிக், அதைப் போன்ற மற்றொரு கருவியான நியோஃபோர்ஜ் இரண்டுக்கும் பொதுவான திட்டமானால், ஃபேப்ரிக் என்ற உட்கோப்புறையிலும் தேடிப் பாருங்கள்.

ஃபேப்ரிக் லோடர் முன்பே நிறுவப்பட்டிருக்க வேண்டும். உலகங்கள் உள்ள ‘சேவ்ஸ்’ கோப்புறையை நகலெடுத்து வைத்த பிறகு, ஜார் கோப்பை மைன்கிராஃப்டின் ‘மோட்ஸ்’ கோப்புறையில் இடுங்கள். அதே மோடின் பழைய ஜார் இருந்தால் அகற்றிவிடுங்கள். பெரும்பாலான மோட்களுக்கு, அவை சார்ந்திருக்கும் பொது மோடான ஃபேப்ரிக் ஏபிஐயும் அதே கோப்புறையில் இருக்க வேண்டும். ஆட்டம் தொடங்காமல் நின்றால், ‘லாக்ஸ்’ கோப்புறையிலுள்ள ‘லேட்டஸ்ட்.லாக்’ கோப்பில் எந்தச் சார்பு (மோடுக்குத் தேவையான மற்றொரு கோப்பு), எந்தப் பதிப்பில் குறைகிறது என்று பெயரோடு எழுதப்பட்டிருக்கும்.