மோனார்க் பட்டாம்பூச்சிக்குத் தோட்டம்: ஆசையில் செய்யும் தவறுகள்

மே மாதம் வந்தால் அமெரிக்காவிலும் கனடாவிலும் நர்சரி வாசல்களில் பட்டாம்பூச்சிச் செடிகள் வரிசைகட்டி நிற்கும். நியூஜெர்சி, டொராண்டோ, டாலஸ் என்று வீட்டுக்குப் பின்னால் கொஞ்சம் மண் வைத்திருக்கும் நம்மவர்களும் வெண்டை, கத்தரி நாற்றுகளோடு இதிலும் ஒன்றிரண்டை வாங்கிவிடுகிறார்கள். நல்ல காரியம்தான், மோனார்க்கின் நிலைமை அப்படி. இங்கிருந்து பறந்துபோய் மெக்சிகோ மலைக்காடுகளில் குளிர்காலத்தைக் கழிக்கும் மோனார்க்குகளை எண்ணி மாளாது. அவை அடைந்திருக்கும் காட்டின் பரப்பைத்தான் அளக்கிறார்கள். 1996–97இல் சுமார் 18 ஹெக்டேர் இருந்தது, 2013–14இல் 0.67 ஆகச் சுருங்கியது. 2024–25இல் 1.79. ஆனால் தோட்டம் போடுகிறவர்கள் பலர் மறந்துவிடுவது, மோனார்க் ஒரு வழிப்போக்கன் என்பதை. வரவேண்டிய நேரத்தில் சோறும், போகவேண்டிய நேரத்தில் வழியும் அதற்கு வேண்டும். இரண்டில் ஒன்று தவறினாலும் நம் தோட்டம் அதற்குக் கெடுதல்தான்.

முதலில், பூ மட்டும் வைத்தால் போதாது. தேன் குடிக்க எந்தப் பூவுக்கும் மோனார்க் வரும், ஆனால் அதன் புழு மில்க்வீட் இலையைத் தவிர வேறெதையும் தின்னாது. மில்க்வீட் நம் எருக்குக்கு உறவுக்காரச் செடி, கிள்ளினால் அதே மாதிரி பால் வடியும். ஊரில் எருக்கிலையில் முட்டையிடும் வெந்தய வரியன்கூட மோனார்க்குக்குப் பங்காளிதான். எனவே கடைக்காரர் கொத்துக் கொத்தாகப் பூக்கும் பட்லியா செடியைக் காட்டி ‘பட்டாம்பூச்சி மொய்க்கும்’ என்றால், மொய்க்கும், சரி. குஞ்சு பொரிக்க அங்கே இடமில்லை.

அப்புறம், எந்த மில்க்வீட் என்பது. இங்கேதான் பெரிய தவறு நடக்கிறது. சிவப்பும் மஞ்சளுமாகப் பூக்கும் வெப்பமண்டல மில்க்வீட் சுலபமாக வளரும், நிற்காமல் பூக்கும். நர்சரிக்காரர்களுக்குப் பிடிக்காமல் இருக்குமா? நியூஜெர்சியிலும் டொராண்டோவிலும் உறைபனி வந்து அதைக் கொன்றுவிடும், பெரிய பாதகமில்லை. ஃப்ளோரிடாவிலும் டெக்சாஸின் வளைகுடாக் கரையிலும் தெற்குக் கலிஃபோர்னியாவிலும் அது சாகாது. மோனார்க்குக்கு வரும் ஓஇ என்ற ஒட்டுண்ணி நோயின் வித்துகள் இலையில் படிந்து, புழு தின்னும்போது உள்ளே போகின்றன. கூட்டிலிருந்து வெளிவரும் பட்டாம்பூச்சியின் உடம்பெல்லாம் மறுபடியும் வித்துகள் அப்பியிருக்கும். நோய் முற்றிவிட்டால் சிறகு விரியாமல் கசங்கியே நிற்கும். அந்தந்த மண்ணுக்குரிய மில்க்வீட்கள் இலையுதிர்காலத்தில் பட்டுப்போவதால் வித்துகளும் அந்த இலைகளோடு போய்விடும். பட்டுப்போகாத செடியில் அவை சேர்ந்துகொண்டே இருக்கும். போதாக்குறைக்கு, பயணம் போக வேண்டிய பட்டாம்பூச்சி அங்கேயே தங்கி முட்டையிடவும் தொடங்கும். கலிஃபோர்னியாவின் சில கவுண்டிகளில் இந்தச் செடியை விற்கவே தடை. ஏற்கெனவே வைத்திருந்தால் அக்டோபரில் ஒரு சாண் உயரத்துக்கு வெட்டிவிடுங்கள், பிப்ரவரி வரை துளிர்க்கத் துளிர்க்க வெட்டுங்கள். ‘ஜயன்ட் மில்க்வீட்’ என்ற பெயரில் அங்கே விற்கும் எருக்கையும் ஊர்ப்பாசத்தில் வாங்கிவிட வேண்டாம், அதுவும் இலை கொட்டாத செடி.

கிழக்கிலும் ஒன்டாரியோவிலும் சாதாரண மில்க்வீட், சதுப்பு மில்க்வீட், ஆரஞ்சுப் பூ பூக்கும் பட்டர்ஃப்ளைவீட் மூன்றும் பொருந்தும். சாதாரண மில்க்வீட் வேர் ஓட்டிப் பரவி, இரண்டே வருடத்தில் பக்கத்துப் பாத்திக்கும் உரிமை கொண்டாடும். சின்ன இடமென்றால் சதுப்பு மில்க்வீட்தான் என் ஓட்டு. டெக்சாஸில் ஆன்டிலோப் ஹார்ன்ஸ், கலிஃபோர்னியாவில் குறுகிய இலை மில்க்வீட். ஆனால் கலிஃபோர்னியாவின் மத்திய, வடக்குக் கடற்கரையிலிருந்து 5 மைலுக்குள் வீடு இருந்தால் மில்க்வீடே வைக்க வேண்டாம். அங்கே மோனார்க் வருவது குளிர்காலத்தைக் கழிக்க, தேன் தரும் பூக்கள் போதும்.

டொராண்டோக்காரர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. வேலியில் ஏறும் ‘டாக் ஸ்ட்ராங்லிங் வைன்’ கொடி மில்க்வீட் குடும்பத்துக் களை. ஏமாந்து மோனார்க் அதில் முட்டையிட்டால் பொரித்த புழு ஒன்றும் பிழைக்காது. கண்டால் வேரோடு தோண்டி எடுங்கள்.

அடுத்தது மருந்து. 2022இல் வெளியான ஓர் ஆய்வில் அமெரிக்காவின் 33 நர்சரிகளிலிருந்து 235 மில்க்வீட் இலை மாதிரிகளைச் சோதித்தார்கள். பூச்சிமருந்து இல்லாத மாதிரி ஒன்றுகூட இல்லை. அதனால் ‘நியோனிக் மருந்து (செடிக்குள்ளேயே ஊறி நிற்கும் பூச்சிமருந்து) போட்டதா?’ என்று கேட்காமல் தொட்டியை வண்டியில் ஏற்றாதீர்கள். விதையிலிருந்து வளர்ப்பது இன்னும் நல்லது, ஆனால் பாக்கெட்டைப் பிரித்து மே மாதம் நேராக மண்ணில் போட்டுவிட்டு முளைக்கவில்லையே என்று வருந்துகிறவர்கள் அதிகம். பெரும்பாலான வகைகளுக்குக் குளிர் பட வேண்டும். ஈர டிஷ்யூவில் சுற்றி, ஜிப்லாக் பையில் போட்டு, ஃப்ரிட்ஜில் ஒரு மாதமாவது வையுங்கள். இல்லையென்றால் நவம்பரிலேயே விதைத்துவிடுங்கள், மற்றதைப் பனி பார்த்துக்கொள்ளும்.

ஜூலையில் கொழுந்து முழுக்க மஞ்சள் அசுவினி அப்பிக்கொள்ளும். ஊரில் அரளியிலும் எருக்கிலும் பார்த்த அதே பூச்சி, மஞ்சள் உடம்பு, கறுப்புக் கால். உடனே நம் கை வேப்பெண்ணெய் பாட்டிலுக்குப் போகும். இயற்கைதானே என்ற நம்பிக்கை! வேம்புக்கு அசுவினி யார், மோனார்க் புழு யார் என்று தெரியாது, இரண்டின் வளர்ச்சியையும் கெடுக்கும். இலையைத் திருப்பிப் பாருங்கள். குண்டூசித் தலை அளவில், வெளிர்மஞ்சளாக, நெடுக வரியோடிய ஒற்றை முட்டை இருந்தால் அந்த இலையை விட்டுவிடுங்கள். மற்ற இலைகளில் இருக்கும் அசுவினியை விரலால் நசுக்கலாம், ஹோஸால் தண்ணீர் பீய்ச்சலாம். ஒன்றும் செய்யாவிட்டாலும் செடி பொதுவாகத் தாங்கிக்கொள்ளும். கொசுவுக்கு ஆள் வைத்து பேக்யார்டு முழுக்க மருந்தடிக்கும் வீட்டில் மில்க்வீட் வைப்பது வீண் வேலை.

புழுக்களைப் பொறுக்கி வீட்டுக்குள் வலைக்கூண்டில் வளர்க்கும் மோகமும் இருக்கிறது. குழந்தைகள் பார்க்க ஒன்றிரண்டு என்றால் பரவாயில்லை. நூற்றுக்கணக்கில் வளர்த்தால் நோய் பரவும். உள்ளே வளர்ந்தவை தெற்கே திசை பிடிக்கத் தடுமாறுவதை 2019இல் வெளியான ஆய்வு ஒன்று காட்டியது.

செப்டம்பரில் பலரும் தோட்டத்தைச் சுத்தம் செய்துவிடுகிறார்கள். அந்த நேரத்தில்தான் மோனார்க்குக்குப் பசி. கோடையில் பிறந்தது சில வாரமே வாழும். மெக்சிகோ போகும் தலைமுறை எட்டு மாதம்கூட இருக்கும், வழியில் குடித்த தேனைக் கொழுப்பாக்கித்தான் குளிர்காலத்தைத் தள்ளும். எனவே ஆஸ்டரும் கோல்டன்ராடும் அக்டோபர் வரை நிற்கட்டும். தும்மலுக்குக் கோல்டன்ராடைக் குற்றம் சொல்வார்கள், பாவம். பெரும்பாலும் குற்றவாளி, அதே சமயத்தில் பூக்கும் ராக்வீட் என்ற களை.

இலையெல்லாம் ஓட்டையாகிச் செடி மொட்டையானால் பதறாதீர்கள், அதற்குத்தானே வைத்தோம். புழு திடீரெனக் காணாமல் போனால், கூடு கட்ட வேலிக்கோ சுவருக்கோ ஊர்ந்து போயிருக்கலாம். பறவையோ சிலந்தியோ தின்றிருக்கவும் கூடும், முட்டைகளில் பெரும்பாலானவை பட்டாம்பூச்சி ஆவதில்லை. நான்கைந்து செடியாக வைத்தால் தின்னத் தின்ன இலை இருக்கும். வெட்டும்போது கையுறை போட்டுக்கொள்ளுங்கள்: அந்தப் பால் கண்ணில் பட்டால் கருவிழியைப் புண்ணாக்கும். கழுவாத கையால் கண்ணைக் கசக்க வேண்டாம், குழந்தைகளிடமும் சொல்லிவையுங்கள்.