பனிக் கல்லியில் ஏறப் பழகுகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஸ்காட்லாந்தின் பென் நெவிஸ் மலையை வடக்கேயிருந்து பார்த்தால், கறுத்த பாறைகளுக்கு நடுவே வெள்ளைக் கோடுகள் இறங்குவது தெரியும். அவற்றைத்தான் கல்லி என்கிறார்கள். இரண்டு பக்கமும் பாறைச் சுவர், நடுவே பனி நிரம்பிய செங்குத்தான வாய்க்கால். மலையின் உயரம் 1,345 மீட்டர்தான். ஆனாலும் குளிர்காலத்தில் பனியேற்றம் பழக வருகிறவர்கள் பலர் இங்கே நம்பர் 3, நம்பர் 4 என்று எண்ணால் அழைக்கப்படும் கல்லிகளில்தான் தொடங்குகிறார்கள். இரண்டும் முதல் கிரேடு, அதாவது ஸ்காட்லாந்துக் கணக்கில் மிக எளிது.

அந்த ‘எளிது’தான் முதல் தவறுக்கு வாசல். கிரேடு என்பது ஏறுவது எவ்வளவு கஷ்டம் என்று மட்டுமே சொல்லும், ஆபத்து எவ்வளவு என்று சொல்லாது. பனிச்சரிவுகள் பெரும்பாலும் 30 முதல் 45 டிகிரி வரையுள்ள சாய்வுகளில்தான் கிளம்புகின்றன. எளிய கல்லிகளின் சாய்வும் ஏறக்குறைய இதே அளவுதான். இன்னும் செங்குத்தான இடத்தில் பனி நிறையச் சேர்வதற்கு முன்பே கொட்டிவிடும். இங்கே அது தங்கும், ஆளுக்காகக் காத்திருக்கும். மேலே எது உடைந்தாலும், கல்லோ ஐஸோ முன்னால் ஏறுகிறவர் உதைத்துவிட்ட கட்டியோ, இந்த வாய்க்கால் வழியாகத்தான் வரும். ஒதுங்க இடமும் இருக்காது. ஹெல்மெட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு ஏறுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு எரிச்சல்தான் வரும்.

அடுத்தது, வானத்தைப் பார்த்து முடிவெடுப்பது. “ரெண்டு நாளாப் பனியே பெய்யலையே, வெயில் அடிக்குதே” என்பார்கள். பனி பெய்ய வேண்டிய அவசியமே இல்லை, காற்று போதும். அங்கே அதிகம் வீசும் தென்மேற்குக் காற்று, உச்சியின் சமவெளியில் கிடக்கும் பனியை வாரிக்கொண்டுவந்து வடக்கு, கிழக்குப் பக்கக் கல்லிகளின் தலையில் கொட்டிவிடும். அது கீழே உள்ள பனியோடு ஒட்டாமல் ஒரு தட்டாக இறுகிக் கிடக்கும். கால் வைத்தால் உள்ளே வெற்றிடம் போலச் சத்தம் கேட்கலாம், பூட்ஸைச் சுற்றிக் கண்ணாடி மாதிரி விரிசல் ஓடலாம். இதில் ஒன்றைப் பார்த்தாலும் திரும்பிவிடுங்கள். பனிச்சரிவில் சிக்குகிறவர்களில் பெரும்பாலோர் தாங்களோ தங்கள் கூட்டாளியோ கிளப்பிவிட்ட சரிவில்தான் சிக்குகிறார்கள். குளிர்காலம் முழுக்க ஸ்காட்லாந்தின் பனிச்சரிவுத் தகவல் சேவை தினமும் அறிக்கை வெளியிடுகிறது. எந்தத் திசைச் சாய்வில், எந்த உயரத்தில் ஆபத்து என்று படமே போட்டிருக்கும். அதைப் படித்துவிட்டு, “ஆனா முன்னால போனவங்க தடம் இருக்கே” என்று ஏறுகிறவர்களும் உண்டு. அவர் நேற்றுப் போனவராக இருக்கலாம். காற்று ராத்திரியில் அடித்திருக்கலாம்.

கல்லியின் உச்சியில் கூரை இறவாரம் போல நீட்டிக்கொண்டிருக்கும் பனியின் பெயர் கார்னிஸ். வெப்பம் ஏறினால் அது மொத்தமாக உடைந்து கீழே வரும். மேலே சமவெளியில் நடக்கும்போதும் விளிம்பை விட்டு நன்றாகத் தள்ளியே நடக்க வேண்டும். அது உடையும் கோடு நாம் நினைப்பதைவிட உள்ளே இருக்கும். இமயமலையின் நங்க பர்பத் சிகரத்தில் முதன்முதலாக, அதுவும் தனியாக, உச்சியேறிய ஹெர்மான் பூல் 1957-இல் சோகோலிசா மலையில் கார்னிஸ் உடைந்துதான் இறந்தார். அவருக்கே அந்தக் கதி. (பென் நெவிஸில் கார்டிலூ என்றொரு கல்லி உண்டு. உச்சியில் 1883 முதல் 1904 வரை இயங்கிய வானிலை ஆய்வகத்துக்காரர்கள் குப்பையை அதில்தான் கொட்டினார்கள். பழைய எடின்பரோவில் ஜன்னல் வழியாகக் கழிவுநீர் ஊற்றும்போது போட்ட எச்சரிக்கைக் கூச்சல்தான் அந்தப் பெயர். மேலிருந்து என்ன வரும் என்பதை ஒரு கல்லியின் பெயரே சொல்வது பொருத்தம்தான்.)

சரி, ஐஸ் கோடரிக்கு வருவோம். விழுந்தால் கோடரியைக் குத்தி நிறுத்திக்கொள்ளலாம் என்பது புதிதாக வருகிறவர்களின் பெரிய நம்பிக்கை. இறுகிய பனியில், 45 டிகிரியில், உங்களுக்குக் கிடைப்பது ஓரிரு நொடி. அதற்குள் நிறுத்தாவிட்டால் பிறகு நிற்காது. அதனால் விழாமல் இருப்பதைத்தான் முதலில் பழக வேண்டும். கோடரியின் காம்பைப் பனிக்குள் ஆழமாக இறக்கி, அது பிடித்துக்கொண்ட பிறகே ஒரு காலை எடுத்து வைப்பது, பிறகு அடுத்த காலை. நிறுத்தப் பழகுவதற்கு, அடியில் பாறையில்லாமல் தானாகவே சமதளமாகிவிடும் சாய்வாகப் பாருங்கள். பூட்ஸின் அடியில் மாட்டும் முள் சட்டமான கிராம்பானைக் கழற்றிவிடுங்கள். கோடரித் தலையைத் தோளுக்குப் பக்கத்தில் பிடித்து, காம்பு மார்புக்குக் குறுக்கே வர, நெஞ்சின் பாரம் முழுவதையும் அதன் மேல் போட வேண்டும். கால் கீழாகச் சறுக்கியபோது எனக்குச் சிரிப்பாகத்தான் இருந்தது. தலைகீழாக, மல்லாந்து சறுக்கவிட்டபோது எது மேல் எது கீழ் என்றே தெரியவில்லை, கோடரி கையை விட்டுப் பறந்துவிட்டது. அந்த நிலையைத்தான் அதிகம் பழக வேண்டும். நிஜமாகவே கிராம்பானோடு விழுந்தால் பாதங்களை மேலே தூக்கிக்கொள்ளுங்கள். முள் பனியில் மாட்டினால் கணுக்கால் முறியும், இல்லாவிட்டால் உடம்பு கரணம் போடும். கிராம்பானோடு உட்கார்ந்து சறுக்கி இறங்கக் கூடாது என்பதும் இதனால்தான்.

கிராம்பானைச் சாய்வு தொடங்குவதற்கு முன்பே, சமதளத்தில் மாட்டிவிடுங்கள். ஈரப்பனி அடியில் உருண்டையாக ஒட்டினால் முள் தரையைத் தொடாது. கோடரிக் காம்பால் பூட்ஸின் ஓரத்தில் ஒரு தட்டு தட்டினால் உதிர்ந்துவிடும்.

கயிறு கட்டினாலே பாதுகாப்பு என்று நினைப்பதும் தவறு. பனியிலோ பாறையிலோ எங்கும் கயிற்றைப் பிடித்து நிறுத்தும் நங்கூரம் இல்லாமல் ஒருவரோடு ஒருவர் பிணைத்துக்கொண்டால், ஒருவர் வழுக்கும்போது எல்லோரும் போவார்கள். 2002 மே 30 அன்று அமெரிக்காவின் மவுண்ட் ஹூட் மலையில், கயிற்றில் பிணைந்து இறங்கிக்கொண்டிருந்த ஒரு குழு வழுக்கி, கீழே இருந்த குழுக்களையும் வாரிக்கொண்டு பனிப்பிளவில் விழுந்தது. விழுந்தவர்கள் 9 பேர், இறந்தவர்கள் 3 பேர். நங்கூரம் அடித்து ஏறுங்கள், இல்லையென்றால் கயிறே வேண்டாம்.

அப்புறம், கல்லி முடிந்ததும் கோடரியைப் பையில் சொருகிவிடாதீர்கள். பென் நெவிஸ் உச்சியில் மூடுபனி இறங்கினால் தரையும் வானமும் ஒரே வெள்ளை. இறங்கும் வழிக்கு இடது பக்கம் ஃபைவ் ஃபிங்கர் கல்லி இருக்கிறது, வழி தவறி அதில் விழுந்தவர்கள் உண்டு. இறங்க, உச்சிக் கல்லிலிருந்து வரைபடத் திசை 231 டிகிரியில் 150 மீட்டர், பிறகு 282 டிகிரி. திசைகாட்டியைக் கையில் பிடித்து, காலடியை எண்ணிக்கொண்டே நடக்க வேண்டும். உங்களுக்கு 100 மீட்டருக்கு எத்தனை காலடி என்பதை வீட்டுப் பக்கத்துத் தெருவிலேயே அளந்து வைத்துக்கொள்ளுங்கள். பனியில் அது இன்னும் கூடும்.