பவுலின் கப்பல் நேர்கோட்டில் போகவில்லை: ஆதித் திருச்சபை வரைபடங்களில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஓய்வுநாள் பள்ளி ஆசிரியர்களும் இறையியல் மாணவர்களும் வரைந்த வரைபடங்களைத் திருத்திக் கொடுப்பது என் வேலையில் ஒரு பகுதி. ரோமர் காலத்துக் கிறிஸ்தவ உலகத்தை வரையும்போது புதிதாக வருகிறவர்கள் செய்யும் தவறுகள், நான் ஒரு காலத்தில் செய்தவையேதான். ஒன்றுகூட மாறவில்லை.

எளிதில் கண்ணில் படுகிறவற்றை இங்கே விட்டுவிடுகிறேன். புதிய ஏற்பாட்டின் ஆசியா ஒரு கண்டம் அல்ல, எபேசுவைத் தலைநகராகக் கொண்ட ஒரு மாகாணம். அந்தியோகியா இரண்டு, செசரியா இரண்டு. இதெல்லாம் எந்த வேதாகம அகராதியிலும் இருக்கிறது. அகராதியில் தேடினாலும் எளிதில் அகப்படாத தவறுகளைத்தான் பார்க்கப் போகிறோம்.

கடல்மேல் ஸ்கேல் வைத்துக் கோடு போடுவது

செசரியாவில் ஒரு புள்ளி, ரோமில் ஒரு புள்ளி, நடுவே சிவப்பு அம்புக்குறி. பார்க்க அழகாக இருக்கும். ஆனால் பாய்மரக் கப்பலுக்கு அந்தக் கோட்டில் வேலை இல்லை.

கோடைக்காலத்தில் கிழக்கு மத்தியதரைக் கடலில் காற்று பெரும்பாலும் வடமேற்கிலிருந்து வீசும். கிழக்கே போகிற கப்பலுக்கு அது பின்காற்று, மேற்கே போகிற கப்பலுக்கு எதிர்காற்று. இதை நடபடிகள் புத்தகத்திலேயே இரண்டு இடங்களை ஒப்பிட்டுப் பார்க்கலாம். 21ஆம் அதிகாரத்தில் பவுல் பத்தாராவில் கப்பலேறி, சீப்புருவை இடதுபுறமாக விட்டு, திறந்த கடலைக் குறுக்கே கடந்து தீருவில் இறங்குகிறார். 27ஆம் அதிகாரத்தில் கைதியாக அதே கடலில் திரும்பிப் போகும்போது கதையே வேறு. சீதோனிலிருந்து புறப்பட்ட கப்பல் எதிர்காற்றால் சீப்புருவின் ஒதுக்கில் ஓடி, சிலிசியா பம்பிலியா கரையை ஒட்டியே ஊர்ந்து மீறாவுக்கு வந்து சேருகிறது. அங்கே வேறு கப்பல். அது அலெக்சந்திரியாவிலிருந்து இத்தாலிக்குப் போகிற கப்பல். தானியம் ஏற்றிய அப்படிப்பட்ட கப்பல்களும் இப்படித்தான் வடக்கே சுற்றி வரும்.

ஆக ஒரே கடல்பகுதிக்கு இரண்டு கோடுகள் வேண்டும். ஒன்று சீப்புருவுக்குத் தெற்கே, மற்றது வடக்கே. இரண்டையும் ஒரே தடத்தில் போட்டால், கிரேத்தா தீவில் ‘நல்ல துறைமுகம்’ என்ற இடத்தில் ஏன் அத்தனை வாக்குவாதம் நடந்தது என்று வகுப்பில் கேட்கிற பையனுக்குப் பதில் சொல்ல முடியாது. காலம் கடந்துவிட்டது, குளிர்காலத்தில் கப்பலோட்டம் நின்றுவிடும் என்பதுதான் அங்கே பிரச்சினை. அந்தக் காலதாமதத்தில் ஒரு பங்கு இந்தச் சுற்றுவழியில் சேர்ந்தது.

தரையிலும் இதே கதைதான். பெர்கேயிலிருந்து பிசீதியா அந்தியோகியாவுக்கு வரைபடத்தில் ஒரு விரலளவு தூரம். தரையில் அது கடலோரச் சமவெளியிலிருந்து தவுரு மலைகளைத் தாண்டி ஆயிரம் மீட்டருக்கு மேலான பீடபூமிக்கு ஏறுகிற வழி. மலையை நிழலிட்டுக் காட்டாவிட்டால் அந்தப் பயணம் மாலை நடை மாதிரி தெரியும்.

கடற்கரை

இன்றைய கடற்கரையை அப்படியே பயன்படுத்தாதீர்கள். எபேசு அன்றைக்குத் துறைமுக நகரம். ஆற்று வண்டல் சேர்ந்து இன்றைக்கு இடிபாடுகள் கடலை விட்டுப் பல கிலோமீட்டர் உள்ளே கிடக்கின்றன. மிலேத்துவும் அப்படியே.

ஆண்டு போடாத வரைபடம்

இதுதான் எனக்கு இன்றைக்கும் எரிச்சலூட்டுவது. ‘ஆதித் திருச்சபையின் உலகம்’ என்று தலைப்பு. எந்த ஆண்டு என்று கேட்டால், “பொதுவா அந்தக் காலம் சார்” என்பார்கள். அந்தக் காலம் என்பது முந்நூறு ஆண்டு. அதற்குள் எல்லைகள் மாறின, நகரங்களின் பெயர்கள் மாறின, புதிய நகரங்களும் எழும்பின.

பல ஆண்டுகளுக்கு முன்னால் ஒரு பதிப்பகம் இப்படி ஒரு சுவர் வரைபடத்தை அச்சிட்டது. தலைப்பில் ஆண்டு போடச் சொன்னேன். போட்டால் ஒரு வகுப்புக்குத்தான் விற்கும், போடாவிட்டால் எல்லா வகுப்புக்கும் விற்கலாம் என்றார்கள். வியாபாரமாகப் பார்த்தால் சரிதான். பவுலின் பயணக் கோடுகளுக்குப் பக்கத்திலேயே அதில் கான்ஸ்டாண்டிநோபிள் கொட்டை எழுத்தில் இருந்தது. அந்த நகரம் அந்தப் பெயரோடு அர்ப்பணிக்கப்பட்டது 330இல். பவுல் காலத்தில் அது பைசாந்தியம். பாலஸ்தீனா முழுவதும் ஒரே மஞ்சள் நிறம். அந்த வரைபடத்தை நம்பி ஒரு மாணவர், பிலாத்துவின் ஆட்சியில் கலிலேயா எப்படி இருந்தது என்று ஆய்வேட்டில் ஓர் அதிகாரமே எழுதிவிட்டார். வாய்மொழித் தேர்வில் ஒரே கேள்வி: “கலிலேயாவை பிலாத்து எப்போது ஆண்டான்?” அதிகாரத்தை முழுசாக எடுத்துவிட்டு வேறு எழுத வேண்டியதாயிற்று. ஆறு மாத உழைப்பு போனது. பதிப்பகத்துக்கு ஒரு நஷ்டமும் இல்லை.

பிலாத்து கலிலேயாவை ஆளவே இல்லை. பெரிய ஏரோது கி.மு. 4இல் இறந்ததும் அவனுடைய ராஜ்யம் மூன்று மகன்களுக்குப் பிரிந்தது. அர்கெலாயுவுக்கு யூதேயாவும் சமாரியாவும், ஏரோது அந்திப்பாவுக்குக் கலிலேயாவும் பெரேயாவும், பிலிப்புவுக்குக் கலிலேயா ஏரிக்கு வடகிழக்கே உள்ள நாடு. கி.பி. 6இல் ரோமர்கள் அர்கெலாயுவை நீக்கிவிட்டுத் தங்கள் தேசாதிபதியை நேரடியாக அமர்த்தினார்கள். அந்த வரிசையில் வந்தவன்தான் பிலாத்து. மற்ற இரண்டு பேரும் தங்கள் பங்கை ஆண்டுகொண்டே இருந்தார்கள். லூக்கா மூன்றாம் அதிகாரத்தின் தொடக்கத்தில் ‘காற்பங்கு தேசம்’ என்று ஒவ்வொன்றாகச் சொல்வதை வேகமாகத் தாண்டிவிடுகிறோம். உண்மையில் அது ஒரு வரைபடக் குறிப்பு.

இதைப் பிரித்து வரைந்தால் சுவிசேஷத்தில் பல காட்சிகள் தாமாகப் புரியும். கப்பர்நகூமில் படகேறி அக்கரையில் பெத்சாயிதாவில் இறங்கினால் அந்திப்பாவின் ஆட்சி போய் பிலிப்புவின் ஆட்சி வந்துவிடும். தெற்கே அக்கரைப்பட்டால் தெக்கப்போலி என்ற பத்து நகரங்களின் பகுதி. இயேசு கலிலேயர் என்று தெரிந்ததும் பிலாத்து அவரை ஏரோதிடம் அனுப்புகிறானே, அது அந்திப்பாவின் அதிகார எல்லையை மனதில் வைத்துச் செய்த காரியம். ஒரே மஞ்சள் நிறத்தில் இது எப்படித் தெரியும்?

இதோடு முடிந்ததா என்றால் இல்லை. 34இல் பிலிப்பு இறந்தான். 39இல் அந்திப்பா நாடுகடத்தப்பட்டான். 41 முதல் 44 வரை முதலாம் அகிரிப்பா ஏறக்குறைய தன் தாத்தா பெரிய ஏரோதின் ராஜ்யம் முழுவதையும் ஆண்டான். நடபடிகள் 12ஆம் அதிகாரத்தில் யாக்கோபைக் கொன்ற ஏரோது இவன்தான், அந்திப்பா அல்ல. அவன் இறந்தபின் பெரும்பகுதி மறுபடி ரோமத் தேசாதிபதிகளிடம் போனது. ஆகவே 30க்கும் 43க்கும் 50க்கும் மூன்று தனித்தனி வரைபடங்கள் வேண்டும். இருபதாண்டு கதையை ஒரே தாளில் அடக்க நினைப்பது வீண்.

அப்புறம் எருசலேம். 70இல் தேவாலயம் அழிந்தது எல்லோருக்கும் தெரியும். 132 முதல் 135 வரை யூதர்கள் ரோமுக்கு எதிராக நடத்திய பார் கோக்பா கலகம் அவ்வளவாகத் தெரியாது. அந்தக் காலகட்டத்தில் ஆத்ரியான் பேரரசன் எருசலேமை ஏலியா கப்பித்தோலினா என்ற ரோமக் குடியேற்ற நகராக்கினான். யூதேயா மாகாணம் சீரியா பாலஸ்தீனா ஆனது. இயேசுவின் காலத்து வரைபடத்தில் பாலஸ்தீனா என்ற மாகாணத்தைப் போடுகிறவர்கள் நூறாண்டு முந்திப் போகிறார்கள். இரண்டாம், மூன்றாம் நூற்றாண்டு வரைபடத்தில் வெறுமனே எருசலேம் என்று மட்டும் எழுதுகிறவர்கள் நூறாண்டு பிந்திவிடுகிறார்கள்.

பெயர் மாற்றம் எவ்வளவு ஆழமாகப் போனது என்பதற்குத் திருச்சபை வரலாற்றாசிரியர் யூசேபியு ஒரு சம்பவம் சொல்கிறார். 310 வாக்கில், உபத்திரவத்தின்போது, செசரியாவில் பிர்மிலியான் என்ற தேசாதிபதியின் முன்னால் எகிப்தியக் கிறிஸ்தவர் சிலர் நிறுத்தப்பட்டார்கள். உன் ஊர் எது என்று கேட்டான். எருசலேம் என்றார் ஒருவர். பரலோக எருசலேமை நினைத்துச் சொன்னது. தேசாதிபதிக்கோ அப்படி ஓர் ஊர் இருப்பதே தெரியவில்லை. அது எங்கே இருக்கிறது என்று சித்திரவதை செய்து கேட்டான். கிறிஸ்தவர்கள் ரோமுக்கு எதிராக எங்கேயோ ஒரு நகரத்தைக் கட்டுகிறார்களோ என்று சந்தேகம் வேறு. அவன் உட்கார்ந்திருந்த செசரியாவுக்கும் அந்த நகரத்துக்கும் ஏறக்குறைய நூறு கிலோமீட்டர்தான். அவனுக்குத் தெரிந்தது ஏலியா மட்டும். 325இல் நிசேயாவில் கூடிய ஆயர்கள் சங்கத்தின் ஏழாம் விதிகூட அந்த ஊர் ஆயரை ஏலியாவின் ஆயர் என்றே குறிப்பிடுகிறது. அவருக்கு மரியாதை உண்டு, ஆனால் செசரியாவின் தலைமை ஆயருக்குரிய உரிமை குறையக்கூடாது என்கிறது. திருச்சபையின் தலைநகரம் எருசலேம் என்று பெரிய நட்சத்திரம் போடுகிறவர்கள் இந்த விதியை ஒருமுறை படித்துப் பார்க்கலாம்.

மாகாணங்களுக்கும் இதே பிரச்சினைதான். தியோக்கிலேத்தியான் பேரரசன் காலத்தில் மாகாணங்களை உடைத்து உடைத்து ஏறக்குறைய நூறாக்கினார்கள். வெளிப்படுத்தின விசேஷத்தின் ஏழு சபைகளும் எழுதப்பட்ட காலத்தில் ஆசியா என்ற ஒரே மாகாணத்துக்குள் இருந்தன. நிசேயா காலத்தில் சர்தை, தியத்தீரா, பிலதெல்பியா மூன்றும் லீதியா மாகாணத்தில். லவோதிக்கேயா பிரிகியாவில். நிசேயாவுக்கு வந்த ஆயர்களின் பட்டியல் மாகாணவாரியாக இருப்பதால், பவுல் கால எல்லையை வைத்துக்கொண்டு அதைப் படிக்க உட்கார்ந்தால் தலைசுற்றும்.

தலைப்பிலேயே ஆண்டைப் போடுங்கள். ‘கி.பி. 30’, ‘கி.பி. 55’, ‘கி.பி. 325’. பெரிய தாளில் ஒன்று வரைவதைவிடச் சின்னதாக மூன்று வரைவது மேல். ஆண்டு எழுதும்போதே கை தானாக நின்று யோசிக்கும்: இந்த ஊர் அன்றைக்கு இருந்ததா, யார் கையில் இருந்தது?

மாகாணம் முழுக்கச் சாயம் பூசுவது

பித்தினியாவையும் பொந்துவையும் ஆண்ட பிளினி, 112 வாக்கில் திராயான் பேரரசனுக்கு எழுதிய கடிதத்தில், இந்த நம்பிக்கை நகரங்களில் மட்டுமல்ல, கிராமங்களிலும் பரவிவிட்டது என்கிறான். அந்த ஒரு வரியை வைத்துக் கருங்கடல் கரை முழுவதையும் கிறிஸ்தவ நிறத்தில் பூசிவிடுகிறார்கள். அதிகாரி மேலிடத்துக்கு எழுதுகிற கடிதத்தில் நிலைமை கொஞ்சம் கூடுதலாகத்தான் தெரியும். மூன்றாம் நூற்றாண்டுக்கு முன்னால் எந்த மாகாணத்துக்கும் முழு நிறம் வேண்டாம். சபை இருந்ததற்குச் சான்று உள்ள ஊருக்கு ஒரு புள்ளி போதும்.

எல்லாப் புள்ளியும் ஒரே அளவு

ரோமுக்கும் தெர்பை என்ற சின்ன ஊருக்கும் ஒரே புள்ளியா?

ரோம எல்லையோடு நிறுத்துவது

பவுல் மேற்கே போனார் என்பதற்காகக் கிறிஸ்தவமும் மேற்கே மட்டும் போகவில்லை. ஐப்பிராத்து நதிக்கரையில் தூரா எயுரோப்போஸ் என்ற எல்லைக் காவல் ஊர். பாரசீகத்தின் சாசானியப் படை அதைப் பிடித்தது 256 வாக்கில். முற்றுகைக்காக மதிலை ஒட்டிய கட்டடங்களில் மண்ணைக் கொட்டியதால், சுவரோவியங்களோடு ஒரு வீட்டுச் சபை அப்படியே புதைந்து கிடைத்திருக்கிறது. ஞானஸ்நானத் தொட்டிக்கு மேலே நல்ல மேய்ப்பர் ஓவியம் இருந்தது. அதற்கு வடமேற்கே, நதிக்கு அப்பால் எதேசா. அங்கே சிரியாக் மொழியில் ஒரு கிறிஸ்தவமே வளர்ந்தது. அந்த நகரம் ரோமர் கைக்கு நேரடியாக வந்தது மூன்றாம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான்.

தோமாவைப் பற்றியும் இங்கே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நம்மூர் வரைபடங்களில் அவர் தவறாமல் வருவார். எருசலேமிலிருந்து மயிலாப்பூருக்கு ஒரே நேர்கோடு, பாலைவனம் மலை எல்லாவற்றையும் கடந்து. எதேசா வட்டாரத்தோடு தொடர்புடைய தோமாவின் நடபடிகள் சொல்வது குந்தபோர் என்ற அரசனை. அவன் பெயர் பொறித்த காசுகள் கிடைப்பது துணைக்கண்டத்தின் வடமேற்கில். கேரளக் கரையும் மயிலாப்பூரும் வேறு மரபு. அந்த மரபைக் காட்டுவதென்றால், எகிப்தின் செங்கடல் துறைகளிலிருந்து பருவக்காற்றில் முசிறிக்கு வந்த வணிகக் கப்பல் வழியில் காட்டுங்கள். இரண்டையும் புள்ளிக்கோடாகப் போட்டுப் பக்கத்தில் ‘மரபு’ என்று எழுதுங்கள். முழுக்கோடு வேண்டாம்.

அரபியா

பவுல் போன அரபியா நபத்தேயர் நாடு, தமஸ்குவுக்குத் தெற்கே. சவூதியின் நடுவில் குத்தாதீர்கள். ரோம மாகாணமாகவும் காட்டாதீர்கள். அது 106இல்தான்.

கொரிந்துக் கால்வாய்

1893இல் திறந்தது. பவுலின் கப்பலை அதற்குள் விடாதீர்கள்.