ட்ராக்குக்குப் போகும் காரில் அலைன்மென்ட்டும் வீலும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன மாதம் புதுச்சேரியில், வில்லியனூர் சாலைப் பட்டறை ஒன்றில் காத்திருந்தேன். கடலூரிலிருந்து வந்த தம்பி ஒருவர், மறுநாள் சென்னைக்குப் பக்கத்திலுள்ள இருங்காட்டுக்கோட்டை ரேஸ் ட்ராக்குக்குக் கிளம்ப வேண்டும் என்று காரை லிஃப்டில் ஏற்றியிருந்தார். மெக்கானிக்கிடம் அவர் சொன்னது ஒன்றுதான்: "அண்ணே, கேம்பர் மட்டும் ரெண்டரை டிகிரி வச்சிடுங்க, போதும்." பதினொரு வருடத்துக்கு முன் நானும் இதையேதான் சொன்னேன். சஸ்பென்ஷனில் தேய்ந்த ரப்பர் புஷ்ஷை மாற்ற வேண்டும், காற்றழுத்தம் பார்க்க வேண்டும் என்பதெல்லாம் உங்களுக்கே தெரியும். அதை விட்டுவிட்டு மற்றதைச் சொல்கிறேன்.

கேம்பரை மாற்றிவிட்டு டோவை மறப்பது

சக்கரத்தின் தலை உள்பக்கம் சாய்ந்திருந்தால் அது நெகடிவ் கேம்பர். வளைவில் கார் வெளிப்பக்கம் சாயும்போது டயர் முழு அகலத்தோடு தரையில் உட்கார இது வேண்டும். மேலிருந்து பார்த்தால் சக்கரங்களின் மூக்கு உள்ளே திரும்பியிருக்கிறதா வெளியேயா என்பது டோ. நம் ஊரில் ஓடும் பெரும்பாலான கார்களில் முன்பக்க சஸ்பென்ஷன் ஸ்ட்ரட் வகைதான், அதாவது ஷாக் அப்சார்பரே சக்கரத்தைத் தாங்கி நிற்கும். அதில் கேம்பரைத் தொட்டால் டோவும் நகர்ந்துவிடும். ஸ்டீயரிங்கிலிருந்து சக்கரத்துக்குப் போகும் கம்பியான டை ராடின் நீளம் அப்படியே இருக்க, அது பிடித்திருக்கும் நக்கிள் (சக்கரத்தைத் தாங்கும் துண்டு) மட்டும் சாய்கிறது; சக்கரம் திரும்பித்தானே ஆக வேண்டும்? டை ராட் சக்கர அச்சுக்கு முன்னால் இருக்கிறதா பின்னால் இருக்கிறதா என்பதையும், எந்த உயரத்தில் பிடித்திருக்கிறது என்பதையும் பொறுத்து மூக்கு உள்ளேயோ வெளியேயோ போகும்.

என் காரில் வெளியே போனது. ட்ராக்கில் வைத்தே, ஸ்ட்ரட்டின் உச்சியில் கேம்பரை மாற்ற உதவும் கேம்பர் பிளேட்டைத் தளர்த்தி, ஒன்றரை டிகிரியை மூன்றாக்கினேன். டோவைப் பார்க்கவில்லை. 3.717 கி.மீ. சுற்றில் அன்றைக்குக் கார் பிரமாதமாகத் திரும்பியது. டோ-அவுட் (மூக்கு வெளியே திரும்பியிருப்பது) இருந்தால் ஸ்டீயரிங்கைத் தொட்டதும் மூக்கு பாயும். அதைக் கேம்பரின் பலன் என்று எடுத்துக்கொண்டேன். மாலையில் அதே செமி ஸ்லிக் (பள்ளம் குறைந்த ட்ராக்) டயரோடு ஊருக்குக் கிளம்பினேன். திண்டிவனத்தில் டீ குடிக்க நிறுத்திக் குனிந்து பார்த்தால், இரண்டு முன் டயரிலும் உள்விளிம்பில் கம்பி தெரிகிறது. வெளிப்பாதி கிட்டத்தட்டப் புதுசு.

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு சக்கரம் அரை டிகிரி திரும்பியிருந்தால், ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் டயர் ஏறத்தாழ 9 மீட்டர் பக்கவாட்டில் இழுபடுகிறது. 150 கி.மீ. பயணத்தில் அது 1.3 கி.மீ. அந்த அரை டிகிரி, 16 அங்குல ரிம்மில் அளந்தால் 4 மி.மீ.கூட இல்லை. கண்ணுக்குத் தெரியாது.

டயர் போனதைக்கூட மறந்துவிடுவேன். "கேம்பர்தான் டயரைத் தின்றது" என்று எல்லோரும் சொன்னார்கள், நானும் நம்பிக் கேம்பரைக் குறைத்தேன். அடுத்த ஒரு வருடம் முழுக்க, வளைவில் கார் நேராகவே போகப் பார்த்தது, டயரின் வெளித்தோள் மழுங்கியது. அந்த வருடத்தை நினைத்தால் இன்றும் எரிச்சல் வருகிறது. கேம்பர் அதிகமானால் உள்விளிம்பு கொஞ்சம் கூடுதலாகத் தேயும், உண்மைதான். ஒரே பயணத்தில் கம்பி வரைக்கும் தின்பது டோ. இன்றைக்கும் பட்டறைகளில் பழி கேம்பர் மேல்தான் விழுகிறது.

வரிசை இதுதான்: முதலில் காற்றழுத்தம், காரின் உயரம். அப்புறம் ஸ்டீயரிங்கை நேராக்கிப் பூட்டி, கேஸ்டர் (பக்கத்திலிருந்து பார்த்தால் ஸ்டீயரிங் அச்சின் சாய்வு), கேம்பர். டோ கடைசியில். டை ராட் லாக் நட்டை இறுக்கிய பிறகு இன்னொரு முறை அளக்க வேண்டும், இறுக்கும்போதே அது நகரும். நம் கடல் காற்றில் அந்த நட்டு துருப்பிடித்து இறுகிவிடும், அதனால் முந்தின நாளே எண்ணெய் விட்டு வையுங்கள். ட்ராக்கில் மெஷின் கிடையாது, சரி. நான்கு ஸ்டாண்டும் தூண்டில் நரம்பும் போதும். காரின் இரண்டு பக்கமும் நரம்பை நீளவாக்கில் கட்டி, வலது இடது ஹப்புகளிலிருந்து (வீல் பொருந்தும் நடுப்பகுதி) அதன் தூரத்தைச் சமமாக்குங்கள். பிறகு ரிம்மின் முன்விளிம்பு, பின்விளிம்பிலிருந்து நரம்புவரை ஸ்கேலால் அளங்கள். 16 அங்குல ரிம்மில் 1 மி.மீ. வித்தியாசம் என்றால் சுமார் 8 நிமிடக் கோணம் (60 நிமிடம் ஒரு டிகிரி).

நிமிடத்தைத் தசமமாகப் படிப்பது

மெஷினில் 0°30' என்றால் அரை டிகிரி. 0.30 டிகிரி இல்லை.

காலி சீட்டில் அளப்பது

ஓட்டுபவரின் எடைக்கு அரிசி மூட்டையை சீட்டில் வையுங்கள். நான் 25 கிலோ மூட்டை மூன்று வைப்பேன்.

துளை பொருந்தினால் வீல் பொருந்தும் என்று நினைப்பது

போலோவுக்கு 5x100, ஸ்விஃப்டுக்கு 4x100: முதல் எண் போல்ட் துளைகளின் எண்ணிக்கை, அடுத்தது அவை அமைந்த வட்டத்தின் விட்டம் மி.மீ.யில். இதோடு நிறுத்திவிடுகிறார்கள். நடுத்துளையையும் பாருங்கள். போலோவின் ஹப் 57.1 மி.மீ.; வீலின் துளை பெரிதாக இருந்தால் நடுவில் அந்த இடைவெளியை நிரப்பும் ஹப் ரிங் போடாமல் ஓட்டாதீர்கள், வேகத்தில் ஸ்டீயரிங் நடுங்கும். பிளாஸ்டிக் ரிங் பிரேக் சூட்டில் இளகிவிடும். அலுமினிய ரிங் வாங்குங்கள். ஆனால் கடலோரத்தில் அது ஹப்போடு ஒட்டிக்கொள்ளும், வருடம் இரண்டு முறை கழற்றித் துடைக்க வேண்டும்.

இதைவிட ஆபத்தானது போல்ட். போலோவின் கம்பெனி போல்ட்டில் வீலோடு உட்காரும் பகுதி உருண்டை, வெளியில் வாங்கும் வீல்களில் பெரும்பாலும் கூம்புக் குழி. இரண்டையும் சேர்த்து முறுக்கினால் இறுகிய மாதிரிதான் இருக்கும், ஆனால் ஒரு மெல்லிய வளையத்தில் மட்டுமே தொடும். ட்ராக்கில் அது தளர்ந்தால் சக்கரமே கழன்று போகும். வீல் வாங்கும்போதே அதற்கான போல்ட்டையும் சேர்த்து வாங்கிவிடுங்கள்.

பெரிய ரிம்

அழகு. ஆனால் எடை கூடும். ட்ராக்குக்கு பிரேக் காலிப்பர் (டிஸ்க்கைப் பிடிக்கும் பகுதி) இடிக்காத மிகச் சிறிய அளவு போதும்.

ஒருமுறை இறுக்கிவிட்டு மறப்பது

புது வீல் 50 கி.மீ. ஓடியதும் டார்க் ரெஞ்ச் (இறுக்கத்தை அளந்து முறுக்கும் ஸ்பானர்) வைத்து போல்ட்டை மறுபடி பாருங்கள். ட்ராக்கில், ஒவ்வொரு முறை இறங்குவதற்கு முன்பும்.