அணைத்து வைத்த உலையில் கை வைக்கும் முன்

அணு உலை விபத்து என்றதும் நமக்கெல்லாம் செர்னோபில், புகுஷிமா என்று பெரிய மின் நிலையங்கள்தான் நினைவுக்கு வரும். ஆனால் உலகத்தில் இருநூறுக்கும் மேற்பட்ட ஆராய்ச்சி உலைகள் ஓடிக்கொண்டிருக்கின்றன. பல்கலைக்கழக வளாகங்களுக்குள்கூட இருக்கின்றன. மருத்துவ ஐசோடோப் தயாரிக்க, உலோகத்தைச் சோதிக்க, மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க என்று இருப்பவை. கல்பாக்கத்தில் இருக்கும் காமினி உலையின் திறன் வெறும் 30 கிலோவாட். பத்துப் பதினைந்து வீட்டு கீசர்களை ஒன்றாகப் போட்டால் வருகிற வெப்பம், அவ்வளவுதான். இந்தக் கணக்கைப் பார்க்கிற யாருக்கும் ‘சின்ன உலைதானே, என்ன ஆகிவிடப் போகிறது’ என்று தோன்றும். இந்த உலைகளைப் பராமரிக்கிறவர்கள் தவிர்க்க வேண்டிய முதல் தவறு இந்த நினைப்புதான்.

ஏனென்றால் ஓர் உலையின் திறன் என்பது நாம் அதை எங்கே பிடித்து நிறுத்தி வைத்திருக்கிறோம் என்பதற்கான எண். எரிபொருளுக்கு அந்த எண் தெரியாது. பிடி நழுவினால் அது எவ்வளவு தூரம் ஓடும் என்பது முற்றிலும் வேறு கணக்கு. இதைப் புரியவைக்க 1961-இல் அமெரிக்காவின் ஐடஹோ பாலைவனத்தில் நடந்ததைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், பராமரிப்பில் நடக்கும் தவறுகளில் பாதி இந்த ஒரு கதைக்குள்ளேயே இருக்கின்றன.

எஸ்எல்-1 என்பது அமெரிக்க ராணுவத்தின் உலை. 3 மெகாவாட் வெப்பத் திறன். ஆர்க்டிக் பகுதியில் இருக்கும் ரேடார் முகாம்களுக்கு மின்சாரமும் வெப்பமும் கொடுப்பதற்கான முன்மாதிரி என்பதால் ஆள்பலமும் கட்டுமானமும் எளிமையாக வைத்திருந்தார்கள். 1960 டிசம்பர் 23-ஆம் தேதி கிறிஸ்துமஸ் விடுமுறைக்காக அணைத்தார்கள். ஜனவரி 3-ஆம் தேதி பகல் ஷிப்ட் ஆட்கள், அணுக்களைப் பிளந்து தொடர்வினையை நடத்தும் நியூட்ரான்களின் பரவலை அளப்பதற்காக உலைக்குள் கோபால்ட் கம்பிகளைச் செருகிவிட்டுப் போனார்கள். இரவு ஷிப்டுக்கு வந்த மூன்று பேருக்கும் இருந்த வேலை, கழற்றி வைத்த கட்டுப்பாட்டுக் கம்பிகளின் இயக்கப் பகுதிகளைத் திரும்பப் பூட்டுவது. நியூட்ரானை விழுங்கி உலையை அடக்கி வைப்பவை இந்தக் கம்பிகள்தான்; உள்ளே இறக்கினால் உலை அணையும், வெளியே எடுத்தால் ஓடும். சாதாரண வேலை. உலை அணைந்துதான் இருக்கிறது.

அந்த வேலையில் ஒரு கட்டத்தில் நடுக் கம்பியைக் கையால் சுமார் 10 சென்டிமீட்டர் தூக்க வேண்டும். மோட்டார் இல்லை, தவறான அசைவைத் தானாகத் தடுக்கும் இன்டர்லாக் என்ற பூட்டு இல்லை. உலையின் மூடி மேல் நின்றபடி ஓர் ஆள் குனிந்து கம்பியின் தலைப்பைப் பிடித்துத் தூக்குகிறார். இரவு 9 மணி 1 நிமிடம். கம்பி 10 சென்டிமீட்டரில் நிற்கவில்லை. கிட்டத்தட்ட 50 சென்டிமீட்டர் மேலே வந்துவிட்டது. நான்கு மில்லி விநாடியில், அதாவது கண் இமைக்கும் நேரத்தில் ஒரு சிறு பங்குகூட இல்லாத நேரத்தில், 3 மெகாவாட் உலையின் திறன் சுமார் 20,000 மெகாவாட்டுக்குப் போனது. உள்ளே இருந்த தண்ணீர் நீராவியாகி மேலே மோதிய வேகத்தில் உலைக் கலமே தன் இடத்தை விட்டு 9 அடி எழும்பித் திரும்ப விழுந்தது. மூன்று பேரும் இறந்துபோனார்கள்.

அந்த ஆள் ஏன் அவ்வளவு தூரம் தூக்கினார் என்பது இன்றுவரை யாருக்கும் நிச்சயமாகத் தெரியாது. தனிப்பட்ட காரணங்கள் என்று ஏதேதோ கதைகள் கட்டினார்கள், அதற்குள் போக எனக்கு விருப்பமில்லை. இறந்தவர்களால் பதில் சொல்ல முடியாது. அதைவிட முக்கியமாகக் கேட்க வேண்டிய கேள்வி, ஒரே ஒரு கம்பியை ஒரே ஓர் ஆள் கையால் தூக்கினால் உலை வெடிக்கும் என்ற நிலை ஏன் இருந்தது என்பதுதான்.

அதற்குப் பதில் லாக் புக்கிலேயே இருந்தது. விபத்துக்கு முந்தைய மாதங்களில் அந்த உலையின் கம்பிகள் அடிக்கடி சிக்கிக்கொண்டன. கீழே விழ வேண்டிய கம்பி விழாமல் நிற்கும், மோட்டாரால் தள்ளி இறக்குவார்கள், அல்லது கொஞ்சம் மேலும் கீழும் அசைத்துச் சரி செய்வார்கள். சரி, வேலை செய்கிறதே என்று அடுத்த ஷிப்டுக்குப் போய்விடும். எரிபொருளோடு வைத்திருந்த போரான் பட்டைகளும் அரித்து உதிர்ந்துகொண்டிருந்தன. போரான் நியூட்ரானை விழுங்கும் பொருள். அது உதிர உதிர உலை அணைந்திருக்கும்போது இருக்க வேண்டிய பாதுகாப்பு இடைவெளி குறைந்துகொண்டே வரும். இது தெரிந்தும், அதேபோல நியூட்ரானை விழுங்கும் காட்மியம் பட்டைகளைச் செருகி ஈடுகட்டிவிட்டு ஓட்டினார்கள்.

இங்கேதான் இரண்டாவது தவறு, என் கணக்கில் எல்லாவற்றையும்விட மோசமான தவறு: கோளாறோடு பழகிப்போவது. சிக்கும் கம்பி முதல் தடவை ஒரு சம்பவம். பத்தாவது தடவை அது அந்த உலையின் ‘குணம்’ ஆகிவிடுகிறது. புதிதாக வருகிறவரிடம் மூத்தவர், “இது இப்படித்தான், லேசாக ஆட்டிவிட்டால் வந்துவிடும்” என்று தொழில் நுணுக்கம் போலச் சொல்லிக்கொடுக்கிறார். கம்பி விழும் நேரத்தை விநாடிக் கணக்கில் அளந்து எழுதும் பரிசோதனை எல்லா ஆராய்ச்சி உலைகளிலும் உண்டு. அந்த எண் போன மாதத்தை விடக் கொஞ்சம் கூடியிருந்தால், அனுமதித்த வரம்புக்குள் இருந்தாலும் சரி, ஏன் கூடியது என்று கேட்க வேண்டும். வரம்புக்குள் இருக்கிறது என்று டிக் அடித்துவிட்டுப் போவதற்காக அந்தப் பரிசோதனையை வைக்கவில்லை.

எஸ்எல்-1-க்குப் பிறகு உலைகளை வடிவமைக்கும் முறையில் ஒரு விதி உறுதியாக நுழைந்தது. அதிக வலுவுள்ள ஒரு கம்பி முழுவதும் வெளியே மாட்டிக்கொண்டாலும் மீதிக் கம்பிகளால் உலை அணைந்தே இருக்க வேண்டும். ஆனால் விதி வடிவமைப்பில் இருந்தால் போதாது. ஒவ்வொரு முறை எரிபொருள் மாற்றும்போதும், புதிதாக ஒரு சோதனைப் பொருளை உள்ளே வைக்கும்போதும் அந்தக் கணக்கைத் திரும்பப் போட வேண்டும். போன வருடம் போட்ட கணக்கு போன வருடத்து உலைக்கு மட்டும்தான் பொருந்தும்.

‘நான்கு மில்லி விநாடி’ எப்படி வந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். யுரேனியம்-235 பிளக்கும்போது வருகிற நியூட்ரான்களில் ஆயிரத்துக்கு ஏறத்தாழ ஆறரை மட்டும் தாமதமாக, சில விநாடிகள் கழித்து வரும். மீதியெல்லாம் உடனே வந்துவிடும். மனிதக் கையும் மோட்டாரும் ஓர் உலையைக் கட்டுப்படுத்த முடிகிறது என்றால் அதற்கு இந்தத் தாமதக்காரர்கள்தான் காரணம். அவர்கள் இல்லாமலேயே தொடர்வினை நடக்கும் அளவுக்குக் கம்பியை வெளியே எடுத்துவிட்டால், அப்புறம் மனிதன் செய்வதற்கு எதுவும் இல்லை. காமினியில் எரிபொருள் தோரியத்திலிருந்து கிடைக்கும் யுரேனியம்-233. அதில் இந்த எண் ஆயிரத்துக்கு மூன்றுகூட இல்லை. ஆகவே 30 கிலோவாட்தானே என்று அலட்சியமாக இருக்க அங்கே இன்னும் குறைவான இடம்தான் இருக்கிறது.

அடுத்தது, தொந்தரவு கொடுக்கும் கருவியைக் கழற்றிப் போடுவது. 1958 அக்டோபர் 15. அப்போதைய யூகோஸ்லாவியாவில் பெல்கிரேடுக்குப் பக்கத்தில் வின்சா ஆய்வகம். கனநீர் போட்டு இயக்கும், வெப்பம் கிட்டத்தட்ட வராது என்பதால் பூஜ்யத் திறன் என்றே பெயர் பெற்ற உலை. நியூட்ரானை எண்ணும் மூன்று டிடெக்டர்களில் ஒன்று தாறுமாறாகக் காட்டியது. அதைப் பொருட்படுத்தாமல் விட்டுவிட்டு மீதி இரண்டை நம்பினார்கள். அந்த இரண்டும் தங்கள் உச்ச அளவைத் தொட்டு ஒரே எண்ணில் நின்றுவிட்டன. திரையில் எண் நிலையாக இருக்கிறது, அதனால் உலையும் நிலையாக இருக்கிறது என்று நினைத்தார்கள். உண்மையில் திறன் ஏறிக்கொண்டே இருந்தது. கடைசியில் ஏதோ தவறாக இருக்கிறது என்று காட்டிக்கொடுத்தது கருவி இல்லை, அறையில் இருந்த ஒருவரின் மூக்கு. பலமான கதிர்வீச்சு காற்றில் பட்டால் வரும் ஓசோன் வாசம் அடித்தது. ஆறு பேர் கதிர்வீச்சுக்கு ஆளாகிப் பாரிஸுக்குச் சிகிச்சைக்குப் போனார்கள், ஒருவர் பிழைக்கவில்லை.

மூன்று கருவிகளில் இரண்டு ஒரு மாதிரி, ஒன்று வேறு மாதிரி காட்டினால் உலையை நிறுத்திவிட்டுக் காரணத்தைத் தேட வேண்டும். ஆள் அதிகமாக வந்த பக்கம் சேருவதற்கு இது வாக்கெடுப்பு இல்லை. அதே மாதிரி, கொஞ்ச நேரமாக ஒரு முள் அசையாமல் நின்றால் நிம்மதி அடையாதீர்கள். உயிருள்ள நியூட்ரான் எண்ணிக்கை கொஞ்சமாவது ஆடிக்கொண்டேதான் இருக்கும்.

அர்ஜென்டினா சம்பவம் எனக்கு ரொம்ப வலிப்பது. 1983 செப்டம்பர் 23, புவனஸ் ஐரஸில் ஆர்ஏ-2 என்ற சிறு உலை. எரிபொருள் அமைப்பை மாற்றும் முன் தொட்டியிலிருந்து தண்ணீரை முழுவதும் வடித்துவிட வேண்டும் என்பது விதி. தண்ணீர் இல்லாவிட்டால் நியூட்ரான் வேகம் குறையாது, தொடர்வினை பிடிக்காது. அன்று வேலை செய்தவர் பதினான்கு வருட அனுபவம் உள்ள ஆபரேட்டர். தண்ணீரை வடிக்காமலேயே, உலை அறையில் தனியாக நின்று எரிபொருளை மாற்றினார். உலை உயிர் பெற்றுவிட்டது. இரண்டு நாளில் அவர் இறந்தார்.

புதியவர்கள்தான் தவறு செய்வார்கள் என்று நினைக்கிறோம். விதியை எங்கே சுருக்கலாம் என்று தெரிந்திருப்பவர் அனுபவசாலிதான். நூறு முறை தண்ணீரை வடித்தவருக்கு நூற்றியோராவது முறை அது நேர விரயமாகத் தெரியும். பக்கத்தில் இன்னொருவர் நின்று, “அண்ணே, தண்ணி வடிச்சாச்சா?” என்று கேட்டிருந்தால் போதும். இரண்டு பேர் விதி என்பது தூக்குவதற்குத் துணை வேண்டும் என்பதற்காக இல்லை, இந்த ஒரு கேள்விக்காகத்தான். கேட்கிறவர் வயதில் சின்னவராக இருந்தாலும் கேட்கத் தயங்காத பழக்கம் அந்த இடத்தில் இருக்க வேண்டும். நம் ஊரில் இது எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும், அதனால்தான் அழுத்திச் சொல்கிறேன்.

வாய்மொழி உத்தரவும் அப்படித்தான். கனடாவின் சாக் ரிவரில் 1952 டிசம்பர் 12-ஆம் தேதி என்ஆர்எக்ஸ் உலையின் அடித்தளத்தில் ஒருவர் தவறான வால்வுகளைத் திறந்துவிட, கம்பிகள் மேலே எழும்பின. மேற்பார்வையாளர் ஓடிப்போய் வால்வுகளைச் சரி செய்தார், மேலே விளக்குகளும் சரி என்று காட்டின, ஆனால் கம்பிகள் முழுவதும் இறங்கியிருக்கவில்லை. அப்புறம் கட்டுப்பாட்டு அறைக்குப் போன் செய்து எந்த பட்டன்களை அழுத்த வேண்டும் என்று சொன்னபோது வாய் தவறி ஒரு எண்ணை மாற்றிச் சொல்லிவிட்டார். திருத்துவதற்குள் எதிர்முனையில் இருந்தவர் பட்டனை அழுத்துவதற்காகப் போனைக் கீழே வைத்துவிட்டார். எரிபொருள் உருகியது, அடித்தளத்தில் லட்சக்கணக்கான லிட்டர் கதிரியக்கத் தண்ணீர் தேங்கியது. அதைச் சுத்தம் செய்ய உதவிக்கு வந்த அமெரிக்கக் கடற்படையினரில் ஒருவர் பின்னாளில் அமெரிக்க அதிபரான ஜிம்மி கார்ட்டர். சொன்னதைக் கேட்டவர் திருப்பிச் சொல்லி, சொன்னவர் ‘ஆமாம்’ என்ற பிறகே கை நகர வேண்டும். இரண்டு விநாடி வேலை.

தண்ணீர் விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். குளம் மாதிரி திறந்த தொட்டியில் எரிபொருள் மூழ்கியிருக்கும் உலைகளில், பெரும்பாலும் எரிபொருளின் உறை அலுமினியம். தண்ணீரில் குளோரைடு கொஞ்சம் ஏறினாலும் அலுமினியத்தில் புள்ளிப் புள்ளியாக ஓட்டை விழ ஆரம்பிக்கும். தண்ணீர் பார்க்கக் கண்ணாடி போல இருக்கும், அதனால் ஏமாறக்கூடாது. தண்ணீரின் மின் கடத்துதிறனையும் பிஎச் எனும் அமில-கார அளவையும் நாள் தவறாமல் அளந்து, வடிகட்டும் ரெசினை நேரத்துக்கு மாற்ற வேண்டும். பாதரசத் தெர்மாமீட்டரை அந்தப் பக்கமே கொண்டுபோகக்கூடாது, பாதரசம் அலுமினியத்தைத் தின்றுவிடும். சட்டைப் பையில் இருக்கும் பேனாவும் மூக்குக் கண்ணாடியும்கூடக் கயிறு கட்டித்தான் தொட்டி ஓரத்துக்கு வர வேண்டும்.

வேகம் குறைக்காத நியூட்ரான்களால் ஓடும் கல்பாக்கத்தின் வேக ஈனுலை எஃப்பிடிஆரில் தண்ணீருக்குப் பதில் திரவச் சோடியம். சோடியம் 98 டிகிரியில்தான் உருகும், அதனால் உலை அணைந்திருக்கும்போதும் சூடாகவே வைத்திருக்க வேண்டும். அங்கே ‘அணைத்துவிட்டோம், வேலை முடிந்தது’ என்ற பேச்சுக்கே இடமில்லை. அதோடு சோடியம் உலோகம், ஒளி ஊடுருவாது. உள்ளே எரிபொருளை நகர்த்துவது கண்ணைக் கட்டிக்கொண்டு அலமாரியில் பாத்திரம் எடுப்பது மாதிரி, அளவுகளையும் இன்டர்லாக்குகளையும் நம்பித்தான் செய்ய முடியும். 1985 அக்டோபரில் முதன்முதலாக இயங்கிய அந்த உலையில் 1987 மே மாதம் எரிபொருள் கட்டுகளை இடம் மாற்றும்போது ஒரு கட்டு வளைந்து, வழிகாட்டிக் குழாயும் வளைந்துபோனது. யாருக்கும் காயமில்லை, கதிர்வீச்சும் கசியவில்லை. ஆனால் அதைச் சரி செய்து மறுபடி ஓட்ட இரண்டு வருடம் ஆனது. கண்ணுக்குத் தெரியாத இடத்தில் ஓர் அசைவுக்கு முன் ஒரு நிமிடம் நின்று சரிபார்ப்பதன் விலையையும் சரிபார்க்காததன் விலையையும் இதைவிடத் தெளிவாகக் காட்டும் கணக்கு எனக்குத் தெரியாது.

கடைசியாக அலாரம். திரும்ப ஐடஹோவுக்கே போகிறேன். அன்று காலையிலும் மதியமும் எஸ்எல்-1 கட்டடத்திலிருந்து தீ எச்சரிக்கை மணி அடித்திருந்தது, இரண்டும் பொய்யான மணி. இரவு 9:01-க்கு மூன்றாவது தடவை அடித்தபோது தீயணைப்பு வண்டியில் கிளம்பிய ஆறு பேரும் மறுபடியும் அதேதான் என்று நினைத்துக்கொண்டுதான் போனார்கள். கட்டடம் வெளியிலிருந்து பார்க்க ஒழுங்காகவே இருந்தது. கட்டுப்பாட்டு அறையில் ஆள் இல்லை. உலைத் தளத்துக்கு ஏறும் படிக்கட்டில் கால் வைத்தபோது கையில் இருந்த கதிர்வீச்சு மீட்டர் எகிறியது, திரும்பி இறங்கிவிட்டார்கள். அவர்கள் மீட்டர் எடுத்துக்கொண்டு போனதால் பிழைத்தார்கள். உங்கள் இடத்தில் பொய் மணி அடிக்கும் சென்சார் ஏதாவது இருந்தால் அதை இந்த வாரமே மாற்றச் சொல்லுங்கள், மாற்றும்வரை அது ஒவ்வொரு முறை அடிக்கும்போதும் மீட்டரைக் கையில் எடுத்துக்கொண்டே போங்கள்.