கிருமிநீக்கத்தைக் கடைசிக்குத் தள்ளாதீர்கள்: புண் ஆற்றும் உயிர்ப்பொருள் ஆய்வில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

புண்ணை ஆற்றவும் திசுவைச் சீராக்கவும் ஹைட்ரோஜெல் (நீரைத் தாங்கி நிற்கும் கூழ்), கொலாஜன் (தோலிலுள்ள புரதம்) தாள், கைட்டோசான் (இறால், நண்டு ஓட்டிலிருந்து எடுக்கும் சங்கிலிப் பொருள்) பஞ்சு முதலியவற்றை உருவாக்க முனையும் மாணவர்களின் திட்ட வரைவுகள் ஆண்டுதோறும் என் மேசைக்கு வருகின்றன. எங்கள் தலைமுறை தடுக்கி விழுந்த அதே இடங்களில்தான் அவர்களும் விழுகிறார்கள். தராசைச் சரிபார்க்காதது, குறிப்பேட்டில் தேதியிடாதது போன்றவற்றை ஆய்வகத்து மூத்தவர்களே கண்டித்துத் திருத்திவிடுவார்கள் என்பதால் அவற்றை விட்டுவிட்டு, நெறியாளரின் கண்ணுக்கும் தப்பி, கடைசிக் கட்டத்தில் காலை வாரிவிடும் தவறுகளை மட்டும் எழுதுகிறேன்.

கிருமிநீக்கத்தைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என்பது

திறந்த புண்ணின்மேல் வைக்கும் பொருள் கிருமியற்றதாக இருக்க வேண்டும் என்பதை அறியாதவர் இல்லை. அப்படியிருந்தும், பொருளை வடிவமைத்து, மின்னணு நுண்ணோக்கியில் அதன் துளைகளைப் படம்பிடித்து, செல்களை வளர்த்துக் காட்டி, எலியில் சோதித்து, கட்டுரையும் வெளிவந்த பிறகுதான் அதை எம்முறையில் கிருமிநீக்கம் செய்வது என்ற கேள்வி எழுகிறது. அதுவரை 70 சதவீத எத்தனாலில் முக்கி எடுப்பதும் புற ஊதா விளக்கின்கீழ் அரை மணி நேரம் வைப்பதுமே அந்தப் பெயரில் நடந்திருக்கும். எத்தனால் பாக்டீரியா வித்துகளைக் கொல்லாது. புற ஊதா ஒளி பஞ்சின் உட்துளைகளை எட்டாது. செல் வளர்ப்பூடகத்தில் ஆன்டிபயாடிக் கலந்திருப்பதால் இந்தக் குறைகள் ஆய்வகத்தில் வெளியே தெரிவதில்லை. ஆனால் மருத்துவக் கருவியாக வரவேண்டிய பொருளுக்கு, ஒரு பொட்டலத்தில் உயிருள்ள கிருமி எஞ்சியிருக்கும் வாய்ப்பு பத்து லட்சத்தில் ஒன்றைத் தாண்டக் கூடாது என்பதே வழக்கமான அளவுகோல்.

அந்த அளவை எட்டும் முறைகள் சிலவே. நம் பொருள்களுக்கு அவற்றில் எதுவும் முழுமையாக ஒத்துவருவதில்லை. 121 டிகிரி செல்சியஸில் நீராவி அழுத்தத்தில் வைத்தால் கொலாஜன் தன் மும்மைச் சுருளை இழந்து ஜெலட்டினாகிவிடும். எத்திலீன் ஆக்சைடு வாயுவுக்கு ஈரப்பதம் தேவை. அந்த ஈரத்தில் உறைநிலையில் உலர்த்திய பஞ்சு சுருங்கலாம். மேலும் அவ்வாயு புரதங்களின் அமைன் தொகுதிகளோடு வினைபுரியக் கூடியது. பொருளில் தங்கும் அதன் எச்சத்தை ஐஎஸ்ஓ 10993-7 என்ற பன்னாட்டுத் தரநிலை வரையறுக்கும் அளவுக்குள் இறக்கியாக வேண்டும். காமா கதிர் பொட்டலத்தோடு ஊடுருவும் என்பது பெரிய வசதி. ஆனால் வழக்கமான 25 கிலோகிரே (கதிரளவின் அலகு) அளவிலேயே அது கைட்டோசானின் சங்கிலிகளை வெட்டிவிடுகிறது.

ஒரு மாணவியின் திட்டத்தில் இதை அருகிலிருந்து பார்த்தேன். கைட்டோசானும் ஜெலட்டினும் கலந்த அவருடைய பஞ்சு வெண்மையாக, விரலால் அழுத்திவிட்டால் மீண்டும் எழும் தன்மையோடு இருந்தது. கதிரூட்டலுக்குப் போன பொட்டலங்கள் திரும்பி வந்தபோது, மேலே ஒட்டிய மஞ்சள் வில்லை சிவப்பாக மாறியிருந்தது; அது கதிர் பட்டதற்கான அடையாளம், அவ்வளவே. உள்ளே வெள்ளைப் பஞ்சு வெளிர் மஞ்சளாகியிருந்தது. உப்புநீரில் போட்ட துண்டு மறுநாள் காலைக்குள் கொழகொழப்பாகக் கரைந்து, இடுக்கியால் எடுக்க வராமல் நழுவியது. எலியில் புண்ணை ஆற்றியது வேறொரு பொருள், நோயாளிக்குப் போகவிருப்பது வேறொரு பொருள் என்றாகிவிட்டதால், வீக்க விகிதம் முதல் விலங்குச் சோதனை வரை அத்தனையையும் அவர் மறுபடியும் செய்ய நேர்ந்தது. உதவித்தொகைக் காலம் அதற்காகக் காத்திருக்கவில்லை. இப்படி எத்தனையோ முறை நடந்த பிறகும், திட்ட வரைவுகளில் கிருமிநீக்கம் கடைசி ஆண்டின் கடைசி வரியாகவே இருப்பதைப் பார்க்கும்போது எனக்கு இன்றும் எரிச்சல் வருகிறது.

செய்ய வேண்டியது கடினமானதன்று. முதன்முதலில் உருப்படியாக வரும் தொகுதியிலேயே சில துண்டுகளைக் கதிரூட்டலுக்கோ வாயுவுக்கோ அனுப்பி, முன்னும் பின்னும் பாகுநிலை, அழுத்த வலிமை, வீக்கம், சிதையும் வேகம் ஆகியவற்றை ஒப்பிடுங்கள். மும்பையின் டிராம்பேயில் 1974-இல் தொடங்கப்பட்ட ஐசோமெட் நிலையம் முதற்கொண்டு நம் நாட்டில் கதிரூட்டும் நிலையங்களுக்குப் பஞ்சமில்லை. பொருள் தாங்கவில்லையெனில் உலர்பனியில் உறைந்த நிலையிலோ, காற்றை நீக்கி நைட்ரஜன் நிரப்பியோ கதிரூட்டிப் பார்க்கலாம். தயாரிப்பின்போதே கிருமிச் சுமையை மிகவும் குறைத்துவிட்டால், ஐஎஸ்ஓ 11137 வகுத்துள்ள முறைப்படி நிரூபித்து 15 கிலோகிரேக்கு இறங்கவும் வழியுண்டு. எதுவும் பலிக்காவிட்டால் பொருளின் கலவையையே மாற்ற வேண்டும். அதை முதல் ஆண்டில் மாற்றுவது எளிது. முறை முடிவான பின், எல்லாச் சோதனைகளையும் கிருமிநீக்கம் செய்த பொருளிலேயே செய்யுங்கள்.

கிருமி செத்தால் போதும் என்பது

சில பாக்டீரியாக்களின் புறச்சுவரிலுள்ள நச்சான எண்டோடாக்சின், கிருமி செத்த பின்னும் எஞ்சும்; ஆட்டோகிளேவில் (நீராவி அழுத்தக் கலத்தில்) அழியாது. கண்ணாடிக் கலங்களிலிருந்து அதை நீக்க 250 டிகிரியில் அரை மணி நேரம் உலர்வெப்பம் வேண்டும். எதிர்மின்னேற்றமுடைய அது நேர்மின்னேற்றமுடைய கைட்டோசானில் ஒட்டிக்கொள்ளும். பிறகு காணும் அழற்சிக்குப் பொருள் காரணமா, அழுக்கு காரணமா என்று யாராலும் சொல்ல முடியாது.

மஞ்சளை எம்டிடி சோதனையில் நம்புவது

மஞ்சள், கற்றாழை, வேம்பு ஏற்றிய கட்டுகள் நம் பல்கலைக்கழகங்களில் ஏராளம். உயிருள்ள செல்கள் எம்டிடி சாயத்தை ஊதா நிறமாக்கும் என்பது இச்சோதனையின் அடிப்படை. ஆனால் மஞ்சளிலுள்ள குர்குமினும் தாவரச் சாறுகளிலுள்ள பாலிஃபீனால்களும் செல்களின் துணையின்றியே அந்தச் சாயத்தை ஊதாவாக்கவல்லவை. 130 சதவீதம் செல் பிழைப்பு என்று ஒருவர் மகிழ்ச்சியோடு காட்டியபோது, செல்லே இல்லாத குழியில் சாற்றையும் சாயத்தையும் மட்டும் ஊற்றச் சொன்னேன், அதுவும் ஊதாவாகியது. இந்த வெற்றுக் குழி இல்லாத எம்டிடி வரைபடத்தை நான் படிப்பதில்லை. செல்களின் எண்ணிக்கையைக் காட்டும் டிஎன்ஏ அளவீட்டையும் உடன் வையுங்கள்.

உலர்ந்த நிலையில் வலிமை அளப்பது

பயனில்லை; புண்ணின்மேல் பொருள் நனைந்தே இருக்கும். நனைத்து, 37 டிகிரியில் அளக்கவும்.

ஒரே புட்டியில் ஆய்வை முடிப்பது

கைட்டோசானின் அசெட்டைல் நீக்க அளவும் மூலக்கூறு எடையும் தொகுதிக்குத் தொகுதி மாறும். வேறு தொகுதியிலிருந்து இரண்டாவது புட்டி வாங்குங்கள்.

காஸ் துணியோடு மட்டும் ஒப்பிடுவது

பாலித்தீன் படலம் மூடிய ஈரமான புண்ணில், காற்றில் உலரவிட்ட புண்ணைக் காட்டிலும் ஏறத்தாழ இரு மடங்கு வேகத்தில் மேற்தோல் மூடுவதை ஜார்ஜ் விண்டர் 1962-இல் பன்றிகளில் காட்டிவிட்டார். ஆகவே உலர்ந்த காஸ் துணியை வெல்வது உங்கள் பொருளின் சாதனையாகாது. விற்பனையிலுள்ள ஹைட்ரோஜெல் கட்டு ஒன்றை ஒப்பீட்டுக்கு வையுங்கள்.

எலியின் புண் சுருங்குவதைப் புண் ஆறியதாகக் கணக்கிடுவது

எலியின் தோல் தளர்வானது. அதன் அடியிலுள்ள மெல்லிய தசைப்படலம் புண்ணின் விளிம்புகளை இழுத்து மூடிவிடும். மனிதரிடம் புதுத் திசு வளர்ந்து குழியை நிரப்புவதும் மேற்தோல் பரவுவதுமே முதன்மை. சுண்டெலிப் புண்ணைச் சுற்றி சிலிக்கோன் வளையத்தை ஒட்டித் தைத்து, சுருக்கத்தைத் தடுக்கும் முறை 2004 முதல் வழக்கில் உள்ளது. வளையமின்றி எடுத்த புகைப்படங்களில் பரப்பளவு குறைவதை மட்டும் காட்டாமல், திசு வெட்டுகளில் மேற்தோல் முன்னேறிய நீளத்தையும் புதுத் திசுவின் தடிமனையும் அளக்க வேண்டும். எலிகள் வளையத்தைக் கடித்துக் கழற்றுவது சாதாரணம் என்பதால், அப்படிக் கழன்ற எலியின் தரவைச் சேர்ப்பதா விடுவதா என்பதை விலங்கு நெறிமுறைக் குழுவுக்கு அனுப்பும் விண்ணப்பத்திலேயே எழுதிவிடுங்கள்.