பழ ஈயின் முட்டை அறையில் ரிங் கேனல் பார்ப்பது எப்படி?

ட்ரோசோஃபிலாவின் முட்டை ஒரே செல்லில் தொடங்குகிறது. அது நான்கு தடவை பிரிந்து 16 செல் ஆகும். ஆனால் பிரிவு முழுதாக முடிவதில்லை. இடையில் ஓட்டை நின்றுவிடும். அந்த ஓட்டைக்கு ஆக்டின் என்ற புரதம் கட்டும் விளிம்புதான் ரிங் கேனல். 16-ல் ஒன்று முட்டையாகப் போகும் ஊசைட், மற்ற 15-ம் அதற்கு ஊட்டும் நர்ஸ் செல்கள். இந்த 16-ஐக் கொண்டதுதான் முட்டை அறை.

முதலில் ஈக்களுக்குத் தீனி. ஒரு லிட்டர் தண்ணீருக்கு ரவை 100 கிராம், அகர் 10 கிராம், வெல்லம் 100 கிராம். கவுந்தப்பாடி நாட்டுச் சர்க்கரையும் போதும். காய்ச்சி, சூடு தணிந்ததும் புரோப்பியோனிக் அமிலம் 7.5 மி.லி. கலக்குங்கள். கொதிக்கையில் ஊற்றினால் ஆவியாகிவிடும், பூஞ்சை பிடிக்கும்.

கூட்டிலிருந்து வெளிவந்து ஒரு நாளான பெண் ஈ 10, ஆண் 5 எடுத்து, இட்லி மாவுப் பதத்தில் கரைத்த ஈஸ்ட் வைத்து, 25 டிகிரியில் 2 நாள் விடுங்கள். இதை மட்டும் விட்டுவிடக் கூடாது. ஈஸ்ட் இல்லையென்றால் முட்டை வளர்ச்சியின் 8-ஆம் கட்டத்தை ஒட்டி முட்டை அறைகள் செத்துவிடும். வெட்டிப் பார்த்தால் முட்டைப்பை நூலாய் இருக்கும். ஈரோட்டுச் சித்திரை வெயிலில் அறைச் சூட்டை நம்பாதீர்கள், இன்குபேட்டர் வேண்டும்.

மயக்கிய ஈயை பிபிஎஸ் (பாஸ்பேட் கலந்த உப்புக் கரைசல்) துளியில் போட்டு, ஒரு ஃபோர்செப்ஸால் மார்பைப் பிடித்து, இன்னொன்றால் வயிற்று நுனியை இழுங்கள். வெள்ளையாய் இரண்டு முட்டைப்பை வரும். ஒவ்வொன்றிலும் முட்டை அறைகள் கோத்த சரங்கள் 16 முதல் 20 வரை இருக்கும். முதிர்ந்த முட்டைப் பக்கம் பிடித்துக்கொண்டு ஊசியால் மெல்லக் கோதிப் பிரியுங்கள். பிரிக்காவிட்டால் சாயம் உள்ளே இறங்காது.

அடுத்து, திசு கெடாமல் நிலைநிறுத்த 4% ஃபார்மால்டிஹைடில் 20 நிமிடம். 16% ஆம்பூல் என்றால் 250 மைக்ரோலிட்டருக்கு 750 பிபிஎஸ். அலமாரியில் கிடக்கும் சாதா ஃபார்மலின் வேண்டாம்: அதிலுள்ள மெத்தனால், ஆக்டினைக் காட்டும் சாயமான ஃபலாய்டின் ஒட்டுவதைக் கெடுக்கும். கையுறை, புகைப்பெட்டி (ஃபியூம் ஹுட்) கட்டாயம். 0.1% டிரைட்டான் (சோப்பு போன்ற பொருள்) கலந்த பிபிஎஸ்ஸில் 10 நிமிடமாக மூன்று தடவை கழுவி, ஃபலாய்டினில் ஒரு மணி நேரம் இருட்டில் வையுங்கள். கடைசி 10 நிமிடம், டிஎன்ஏவைக் காட்டும் சாயமான டேப்பி சேருங்கள். மீண்டும் கழுவி, 80% கிளிசராலில் ஏற்றுங்கள். கவர்ஸ்லிப்பின் இரு பக்கமும் உடைந்த கவர்ஸ்லிப் துண்டு முட்டு வைத்தால் பெரிய அறைகள் நசுங்காது.

இனி ஃபுளோரசன்ஸ் மைக்ராஸ்கோப். 10-ஆம் கட்ட அறையைத் தேடுங்கள்: பாதி நீளம் ஊசைட், மீதி நர்ஸ் செல்கள். நர்ஸ் செல்களின் நியூக்ளியஸ் பல மடங்கு டிஎன்ஏ கொண்டது, டேப்பியில் பெரிதாய்ப் பளிச்சென்று தெரியும். ஊசைட்டுடையது மங்கிய சின்னப் புள்ளி, ஒரு மூலையில். நியூக்ளியஸே இல்லை என்று இங்கேதான் பலர் ஏமாறுவார்கள்.

ஊசைட் எல்லையில் நான்கு ரிங் கேனல்கள் இருக்கும். பக்கவாட்டில் திரும்பியது வளையமாகத் தெரியாது, கோடாகத்தான் தெரியும். மூன்றுதான் கிடைக்கிறது என்றால் மூன்று என்று எழுதிவிடாதீர்கள். ஃபோகஸை மேலும் கீழும் நகர்த்தி நாலாவதைத் தேடுங்கள்.